வரிசையா, பங்கா? மெய்நிகர் இயந்திரங்களுக்கு முன்னுரிமை வந்த வரலாறு

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கெல்லையில் எருத்தேம்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை ஆகிய ஊர்களிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் வாழும் தமிழர்களுக்கு 'முன்னுரிமை' என்னும் கருத்து இரு மொழிகளில் பழக்கமானது. கேரளத்து ரேஷன் அட்டையில் அது 'முன்கணன'. எல்லை தாண்டினால் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டையில் 'முன்னுரிமை'. இரண்டும் 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக மக்கள் வழக்கில் ஊன்றியவை. ஆனால் ரேஷன் கடையில் இளஞ்சிவப்பு அட்டைக்காரர் வெள்ளை அட்டைக்காரரை விலக்கிவிட்டு முன்னே போய் நிற்பதில்லை. வந்தவர் வந்த வரிசையிலேயே நிற்கிறார். வேறுபாடு எடைத்தட்டில்தான் தெரியும்: அளவும் விலையும் மாறும். சொல்லில் 'முன்' இருக்கிறது. பொருளில் இருப்பது பங்கு.

இதே இடைவெளி கணினியியலுக்குள் அறுபது ஆண்டுகளாக இருந்துவருகிறது. ஒரு ஹோஸ்ட் கணினி, அதனுள் நான்கைந்து மெய்நிகர் இயந்திரங்கள். ஒன்று தேர்வு முடிவுகளைத் தரும் வலைத்தளத்தை நடத்துகிறது, மற்றொன்று இரவுக் காப்புநகல் எடுக்கிறது, மற்றவை மாணவர்களின் பயிற்சிக்கு. முதலாவது வேகமாக இயங்கவேண்டும் என்பதற்காக அதன் முன்னுரிமையைக் 'கூட்டுகிறார்' நிர்வாகி. அவர் கேட்பது என்ன? அது எப்போதும் முதலில் இயங்கவேண்டும் என்றா, மற்றவற்றைவிட மிகுதியான நேரம் பெறவேண்டும் என்றா? முதலாவது வரிசை பற்றிய கேள்வி. இரண்டாவது பங்கு பற்றியது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதியதில் விளைந்த சிக்கல்களும், அவற்றைப் பிரித்தெடுக்க நடந்த முயற்சிகளுமே இத்துறையின் வரலாறு என்று சொல்லிவிடலாம். வகுப்பறைத் தமிழில் பிரையாரிட்டி, வெயிட், ஷேர் மூன்றுக்கும் பெரும்பாலும் 'முன்னுரிமை' என்ற ஒரே சொல் வழங்குவதால், இவ்வரலாறு தமிழில் படிக்கும் மாணவருக்குக் கூடுதலாகவே வேண்டியிருக்கிறது.

தொடக்கம் மெய்நிகர் இயந்திரத்தில் இல்லை, நேரப்பகிர்வில். 1961 நவம்பரில் எம்ஐடி நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பாட்டோ குழுவினர் ஐபிஎம் 709 கணினியில் சிடிஎஸ்எஸ் என்னும் நேரப்பகிர்வு முறையை இயக்கிக் காட்டினர். அதன் கட்டுரை 1962இல் வெளிவந்தது. அதுவரை கணினிக்கூடத்தின் நடைமுறை எளிது. துளையட்டைக் கட்டுகள் அடுக்கப்படும், ஒன்று முடிந்தபின் அடுத்தது. முன்னுரிமை என்றால் கட்டினை எடுத்து மேலே வைப்பது. நேரப்பகிர்வில் ஒரே மையச் செயலகத்தை நொடியின் துண்டுகளாக்கிப் பலருக்கும் சுற்றிவிட வேண்டியதாயிற்று. கோர்பாட்டோவின் தீர்வில் பல அடுக்கு வரிசைகள் இருந்தன. தனக்குத் தரப்பட்ட நேரத்துண்டுக்குள் முடியாத நிரல் ஓரடுக்குக் கீழே இறங்கும். கீழடுக்கில் அழைப்பு அரிதாக வரும், ஆனால் ஒவ்வொரு முறையும் கிடைக்கும் துண்டு முந்தையதைப்போல் இருமடங்கு. பயனரின் பதவி எங்கும் கேட்கப்படவில்லை. நிரலின் நடத்தையே அதன் இடத்தைத் தீர்மானித்தது. பேராசிரியர் எழுதிய நீண்ட கணக்கும் முதலாண்டு மாணவர் எழுதிய நீண்ட கணக்கும் ஒரே கீழடுக்கில் காத்திருக்கும். இந்தத் துணிவு பின்னர் வந்த பல வணிக இயங்குதளங்களில் இல்லாமற்போனது வருந்தத்தக்கது.

வரிசையை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதற்கு எம்ஐடியைச் சுற்றியே ஒரு கதை உண்டு. அங்கிருந்த ஐபிஎம் 7094 கணினியை 1973இல் நிறுத்தியபோது, 1967இல் தரப்பட்ட தாழ்முன்னுரிமைப் பணி ஒன்று அதுவரை ஒருமுறைகூட இயங்காமல் கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டதாம். பாடநூல்களே இதை வதந்தி என்றுதான் குறிப்பிடுகின்றன. உண்மையோ இல்லையோ, ஆங்கிலத்தில் இந்நிலைக்கு ஸ்டார்வேஷன், அதாவது பட்டினி என்று பெயர் நிலைத்துவிட்டது. உயர்ந்தது வந்துகொண்டேயிருக்கும்வரை தாழ்ந்தது காத்திருக்கும் என்பதே கறாரான வரிசையின் விதி. அதில் பிழையேதும் இல்லை. விதி சொன்னபடிதான் நடந்தது. காத்திருக்குந்தோறும் பணியின் தகுதியைச் சிறிது சிறிதாக உயர்த்தும் 'மூப்பு' முறை இதற்கு மருந்தாக வந்தது.

மெய்நிகர் இயந்திரம் பிறந்தது எம்ஐடியின் அண்டையில் இருந்த ஐபிஎம் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையத்தில். ராபர்ட் கிரீசியும் லெஸ் கோமோவும் 1964இல் தொடங்கிய சிபி-40 திட்டம் 1967 ஜனவரியில் நடைமுறைப் பயன்பாட்டுக்கு வந்தது. மாற்றியமைக்கப்பட்ட ஒரு சிஸ்டம்/360 மாடல் 40 இயந்திரம் பதினான்கு இயந்திரங்களாகத் தோற்றம் காட்டியது. ஒவ்வொரு பயனருக்கும் கணினி முழுவதும் தனக்கே என்னும் மயக்கம். அதைத் தொடர்ந்து சிபி-67. பின் 1972 ஆகஸ்டில் விஎம்/370. இங்குதான் பழைய கேள்வி புதிய சிக்கலாக மாறியது. நேரப்பகிர்வில் ஒரு முறைவகுப்பி இருந்தது (யார் எப்போது இயங்குவது என்று தீர்மானிக்கும் பகுதியே முறைவகுப்பி, ஆங்கிலத்தில் ஷெட்யூலர்). மெய்நிகர் உலகில் இரண்டு. விருந்தினராக உள்ளே இயங்கும் இயங்குதளம் தன் பணிகளுக்கு ஒரு முறை வகுக்கிறது. வெளியே கட்டுப்பாட்டு நிரல் விருந்தினர்களுக்கிடையே வேறொரு முறை வகுக்கிறது. உள்ளிருப்பவர் தம் பணிக்கு எத்தனை உயர்ந்த எண் தந்தாலும் வெளியே அந்த எண் தெரியாது. கேம்பிரிட்ஜில் எழுந்த இந்தத் தடுமாற்றத்தை இன்றைய மேகக்கணினி வாடிக்கையாளரும் அப்படியே அனுபவிக்கிறார்.

அக்காலத்தில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லின் வீலர், சிபி-67இன் முறைவகுப்பியைத் திருத்தி எழுதினார். யார் அண்மையில் தம் நியாயமான பங்கைவிட மிகுதியாக உண்டார், யார் குறைவாக உண்டார் என்று கணக்கிட்டு அடுத்த அழைப்பைத் தீர்மானிப்பது அவருடைய முறை. வரிசை இங்கே மூலமன்று, விளைவு, மூலம் பங்கு. விஎம்/370 எழுதப்பட்டபோது இப்பகுதி விடுபட்டுப்போய், 1976இல் ரிசோர்ஸ் மேனேஜர் என்னும் தனிப்பொருளாக, விலையோடு திரும்பி வந்தது. விஎம்/370இன் ஆணைகளில் அந்த இரட்டை மனநிலையைக் காணலாம். ஓர் ஆணை விருந்தினருக்கு முன்னுரிமை எண் தரும். எண் குறைந்தால் உரிமை மிகும். மற்றோர் ஆணை அவருக்கு இத்தனை விழுக்காடு நேரம் என்று உறுதி தரும். இன்றைய வழித்தோன்றலான இசட்/விஎம்மில் பங்கு என்ற சொல்லே ஆணையின் பெயர். ஒப்பீட்டுப் பங்கு 1 முதல் 10000 வரை, எதுவும் குறிப்பிடாவிட்டால் 100. அல்லது முழுக்கணினியில் இத்தனை விழுக்காடு என்னும் தனிப்பங்கு.

தமிழகத்துக்கு இந்த அலை ஓரடி தள்ளியே வந்தது. சென்னை ஐஐடியில் மேற்கு ஜெர்மனியின் உதவியால் 1973இல் நிறுவப்பட்டது ஐபிஎம் 370/155. அக்காலத்து இந்தியாவின் பெரிய கணினிகளுள் ஒன்று. ஆனால் 155 மாதிரி முதலில் வெளிவந்தபோது மெய்நிகர் நினைவகத்துக்கு வேண்டிய முகவரி மாற்று வன்பொருள் அதில் இல்லை. விஎம்/370 அறிவிக்கப்பட்ட பிறகு, பெருஞ்செலவில் அப்பகுதியைச் சேர்த்தாலன்றி அது மெய்நிகர் இயந்திரங்களைத் தாங்காது. ஒரு தலைமுறை மாணவர்கள் முன்னுரிமை என்பதைத் துளையட்டைக் கட்டின் வரிசையாகவே அறிந்ததில் வியப்பில்லை.

இதே எழுபதுகளில் யூனிக்ஸ் தன் பங்குக்கு ஒரு சொல்லைத் தந்தது: நைஸ். பெல் ஆய்வகத்தாரின் நகைச்சுவை அதில் இருக்கிறது. நைஸ் எண் கூடக்கூட நிரல் மற்றவரிடம் பெருந்தன்மையாக நடந்துகொள்கிறது, அதாவது விட்டுக்கொடுக்கிறது. இன்றைய லினக்ஸில் அளவு −20 முதல் 19 வரை. தொடக்க நிலை 0. எவரும் தம் நிரலைப் பணிவுள்ளதாக்கலாம். எண்ணைக் குறைத்து உரிமையைக் கூட்ட நிர்வாகியின் இசைவு வேண்டும். பேச்சுத்தமிழில் 'நைசாக நழுவினான்', 'நைசாகக் காரியம் முடித்தான்' என்றால் நேர் எதிர்ப்பொருள் வந்துவிடுகிறது என்பதைச் சொல்லாராய்ச்சியில் ஈடுபட்டவர்கள் கவனிக்கலாம். கடன்சொல் புகுந்த வீட்டில் குணம் மாறுகிறது.

நைஸின் குறை நகைச்சுவையன்று. அது தனித்தனி நிரலைப் பார்க்கும், ஆளைப் பார்க்காது. ஒருவர் பத்து நிரல்களை ஏவினால் பத்துப் பங்கு. ஒன்றை ஏவியவருக்கு ஒரு பங்கு. இதை நேரடியாக எதிர்கொண்டவர்கள் சிட்னி பல்கலைக்கழகத்தின் ஜூடி கேயும் பியர்ஸ் லாடரும். பல மாணவர்கள் ஒரே கணினியைப் பகிர்ந்துகொண்ட சூழலில் அவர்கள் அமைத்த நியாயப்பங்கு முறைவகுப்பி பற்றிய கட்டுரை 1988இல் வந்தது. பங்கு நிரலுக்கன்று, பயனருக்கு. அவர் இதுவரை நுகர்ந்தது கணக்கில் ஏறும், ஆனால் பழைய நுகர்வு நாள்பட மங்கும். போன வாரம் அளவுக்கு மீறி உண்டவர் இந்த வாரம் முழுவதும் தண்டிக்கப்படமாட்டார். நேரப்பகிர்வு இலக்கியத்தில் மாணவரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட மிகச் சில கட்டுரைகளுள் இது ஒன்று. படிக்காதவர்கள் தேடிப் படிக்கவேண்டும்.

1994இல் எம்ஐடியின் கார்ல் வால்ட்ஸ்பர்கரும் வில்லியம் வைலும் கருத்தை இன்னும் எளிதாக்கினர். ஒவ்வொரு நிரலுக்கும் சில லாட்டரிச் சீட்டுகள், நேரத்துண்டுதோறும் குலுக்கல், சீட்டு மிகுந்தவர் மிகுதியாக வெல்வார், ஒரு சீட்டு வைத்திருப்பவரும் என்றாவது வெல்வார். பட்டினி என்னும் சொல்லே தேவையற்றதாயிற்று. அதைவிட ஆழமானது அவர்கள் சேர்த்த 'நாணயம்' என்னும் கருத்து. ஒரு குழு தனக்குள் எத்தனை சீட்டு வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம், வெளியே அதன் மொத்த மதிப்பு மாறாது. உள்வீட்டுப் பணவீக்கம் உள்வீட்டோடு நிற்கும். விருந்தினர் இயங்குதளத்தின் உள்முன்னுரிமை வெளியே ஏன் செல்லாது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது. வால்ட்ஸ்பர்கர் பின்னர் விஎம்வேர் நிறுவனத்தில் சேர்ந்தார். 2001இல் வந்த அதன் இஎஸ்எக்ஸ் மென்பொருளின் வரிசையில் மூன்று தனித்தனி அளவைகள் நிலைபெற்றன: பங்கு, உறுதி, வரம்பு. நெருக்கடி வந்தால் ஒப்பீட்டில் எவ்வளவு என்பது பங்கு; தாழ்வு, இயல்பு, உயர்வு என்ற மூன்று நிலைகளும் 1:2:4 விகிதம். எந்த நிலையிலும் குறையாத அளவு உறுதி. மிஞ்சிக் கிடந்தாலும் தாண்டக்கூடாத அளவு வரம்பு.

இம்மூன்றையும் பாலக்காட்டுக் கிழக்கெல்லை வேறொரு பொருளில் நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. 1970 மே 29ஆம் நாள் கையெழுத்தான பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் கேரளத்துக்கு 'முதலில்' என்று எதையும் சொல்லவில்லை. மணக்கடவு தடுப்பணையில் அளந்து ஆண்டுக்கு 7.25 டிஎம்சி என்று சொல்கிறது. இது உறுதி, வரிசையன்று. எல்லைக்கு மேற்கே அந்த நீர் சித்தூர்ப்புழையாகி மூலத்தறை ஒழுங்கியை அடைந்து கால்வாய்களில் பிரிகிறது. கிழக்கே, தமிழ்நாட்டின் திட்டப் பாசனப் பரப்பு நான்கு மண்டலங்களாகப் பகுக்கப்பட்டுச் சுழற்சியில் நீர் பெறுகிறது. இது கோர்பாட்டோவின் நேரத்துண்டு. மண்டலத்தின் முறை வந்தபோதும் வெள்ளக்கோவில், காங்கேயம் போன்ற கடைமடைப் பகுதிகளுக்கு நீர் எட்டவில்லை என்னும் முறையீடு, வரிசை நியாயமாக இருந்தும் பங்கு குறையலாம் என்பதற்குச் சான்று. ஒப்பந்தப்படி மணக்கடவில் அளக்கப்படுவது மொத்த நீர் மட்டுமே. மூலத்தறைக்கு அப்பால் அது எந்தப் பஞ்சாயத்தின் எந்த வயலுக்குப் போயிற்று என்பது கேரளத்தின் உள்முறை. தடுப்பணையின் அளவுகோலுக்கு அது புலப்படாது, புலப்படத் தேவையும் இல்லை. உள்முறை கோணலாயிருந்தால் எருத்தேம்பதியின் தென்னை வாடும்; 7.25 என்ற எண்ணில் அந்த வாட்டம் தெரியாது.

ஒப்புமைக்கு எல்லை உண்டு. தேங்கிய நீர் நாளைக்கும் இருக்கும். பயன்படாத செயலக நேரம் அந்த நொடியே போய்விடும். அதனால்தான் நீர்ப்பகிர்வில் உறுதியும், கணினியில் பங்கும் முதன்மை பெற்றன எனலாம். ஒரு மெய்நிகர் இயந்திரம் தன் பங்கைப் பயன்படுத்தாமல் சும்மா இருந்தால் மற்றவை அதை உடனே எடுத்துக்கொள்ளலாம், யாருக்கும் இழப்பில்லை. வரம்பு வைக்கும் நிர்வாகிதான் வீணடிப்பைத் தெரிந்தே ஏற்கிறார்.

தனியாள் கணினிகளின் கதை சுருக்கமானது. விண்டோஸ் ஹோஸ்டில் விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் போன்றவற்றை இயக்குவோர், மெய்நிகர் இயந்திரத்தின் சாளரம் கவனத்தில் இருக்கும்போது ஒரு நிலையும், பின்னணிக்குப் போனால் தாழ்ந்த நிலையும் தேர்ந்துகொள்ள முடிந்தது. விண்டோஸின் முன்னுரிமை வகுப்புகள் அடிப்படையில் கறாரான வரிசையைச் சேர்ந்தவை. பட்டினி கிடக்கும் நிரல்களைக் கணினி இடையிடையே தூக்கிவிடும் என்பது உண்மையே. ஆயினும் ரியல்டைம் வகுப்பில் மெய்நிகர் இயந்திரத்தை வைத்தவரின் சுட்டியும் விசைப்பலகையும் உறைந்துபோவது அந்த வரிசையின் இயல்பான விளைவு. எம்ஐடி வதந்தியின் சிறு பதிப்பு ஒவ்வொரு மேசையிலும்.

லினக்ஸில்தான் இரு ஓடைகளும் கலந்தன. 2006 அக்டோபரில் குவும்ரானெட் நிறுவனத்தின் ஆவி கிவிட்டி கேவிஎம்மை அறிவித்தார். 2007 பிப்ரவரியில் வந்த 2.6.20 கர்னலில் அது சேர்ந்தது. அதன் அடிப்படை முடிவு ஒன்றே: மெய்நிகர் இயந்திரத்துக்கென்று தனி முறைவகுப்பி எழுதவேண்டாம். விருந்தினர் முழுவதும் ஹோஸ்டில் ஓர் இயங்குநிரல். அதன் ஒவ்வொரு மெய்நிகர் செயலகமும் அந்நிரலின் ஓர் இழை. எனவே உரைத் திருத்திக்குப் பயன்படும் நைஸ் எண் மெய்நிகர் இயந்திரத்துக்கும் பயன்படும். அதே 2007இல், அக்டோபரில் வந்த 2.6.23 கர்னலில் இங்கோ மோல்னாரின் சிஎப்எஸ் முறைவகுப்பி பழையதை நீக்கியது. ஆஸ்திரேலிய மயக்கமருந்து மருத்துவரான கான் கோலிவாஸ் பொழுதுபோக்காக எழுதிவந்த நியாயப்பங்கு முறைகள் அதற்குத் தூண்டுதல். அவருக்கு உரிய இடம் லினக்ஸ் வரலாற்றில் இன்னும் முழுமையாகத் தரப்படவில்லை.

சிஎப்எஸ் நைஸின் பொருளையே மாற்றிவிட்டது. எண் இப்போது எடை. நைஸ் 0 என்றால் எடை 1024. ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 1.25 மடங்கு வேறுபாடு. நைஸ் 5இன் எடை 335. நைஸ் 19இன் எடை 15. ஒரே செயலகத்தில் நைஸ் 0, நைஸ் 5 என்று இரண்டு மெய்நிகர் இயந்திரங்கள் ஓயாமல் போட்டியிட்டால் முதலாவதற்கு நேரத்தில் சுமார் 75 விழுக்காடும் இரண்டாவதற்கு 25 விழுக்காடும் கிடைக்கும். எதுவும் பட்டினி கிடக்காது. பெயர் பிரையாரிட்டி, உள்ளே நடப்பது பங்கீடு: ரேஷன் அட்டையின் நிலையே இங்கும்.

ஆனால் அடுக்குகள் மேலும் கூடின. கூகுள் பொறியாளர்கள் தொடங்கிய சிகுரூப் 2008 ஜனவரியில் கர்னலுக்குள் வந்தது. நிரல்களைக் குழுக்களாக்கிக் குழுவுக்கு எடை தருவது அதன் வேலை. 2011இல் வந்த 2.6.38 கர்னலில் ஒவ்வொரு முனைய அமர்வையும் தானாகவே ஒரு குழுவாக்கும் வசதி சேர்ந்தது. இதன் விளைவைப் பலர் கவனிப்பதில்லை. நைஸ் எண் இப்போது தன் குழுவுக்குள் மட்டுமே செல்லும். லிப்வெர்ட் வழியாக இயங்கும் மெய்நிகர் இயந்திரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் குழுவில் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றின் நைஸ் எண்ணை −10 ஆக்கிவிட்டு, ஏன் மாற்றமில்லை என்று வியக்கும் நிர்வாகி, மூலத்தறைக்குக் கீழே மடையைத் திறந்துவிட்டு மணக்கடவில் நீர் கூடவில்லையே என்று வியப்பவரைப் போன்றவர். மாற்றவேண்டியது குழுவின் எடை. குழு இல்லாத நிலையிலோ, கேயும் லாடரும் கண்ட பழைய குறை திரும்பும்: நான்கு மெய்நிகர் செயலகங்கள் கொண்ட விருந்தினர் நான்கு இழைகளாகக் கேட்பார், ஒன்று கொண்டவர் ஓரிழையாக. சிகுரூப்பின் இரண்டாம் பதிப்பில் எடை 1 முதல் 10000 வரை, குறிப்பிடாவிட்டால் 100. இசட்/விஎம்மின் ஒப்பீட்டுப் பங்குக்கும் இதே எல்லைகள், இதே இயல்பளவு. பெருங்கணினி மரபும் யூனிக்ஸ் மரபும் வேறுவேறு பாதையில் நடந்து ஒரே அளவுகோலில் வந்து நிற்கின்றன.

விருந்தினர் பக்கத்திலிருந்து பார்த்தால் நிலைமை இன்னும் கூர்மையானது. அவர் தம் கடிகாரத்தில் ஒரு நொடி ஓடியதாக நினைக்கிறார். அதில் பாதியை ஹோஸ்ட் வேறொருவருக்குத் தந்திருக்கலாம். இவ்வாறு மறைந்த நேரத்தை லினக்ஸ் 'ஸ்டீல்' என்று, அதாவது களவுபோன நேரம் என்று தனியாகக் காட்டுகிறது. பெயர் கடுமையானது, நியாயமான பங்கீட்டில் தமக்கு உரியதல்லாத நேரத்தை ஒருவர் 'களவுபோனது' என்பது பொருத்தமா என்பது விவாதத்துக்குரியது. இதைவிடத் தொல்லையானது பூட்டுச் சிக்கல். விருந்தினரின் ஒரு மெய்நிகர் செயலகம் உள்ளே ஒரு பூட்டைப் பிடித்திருக்கும் நேரத்தில் ஹோஸ்ட் அதை நிறுத்திவிட்டால், மற்ற மெய்நிகர் செயலகங்கள் அந்தப் பூட்டுக்காகச் சுழன்று சுழன்று தம் பங்கை வீணாக்கும். வெளியே பங்கீடு துல்லியமாக நடந்திருக்கும். உள்ளே வேலை நடந்திராது.

உரிமையைக் கூட்டுவதே தீங்காகும் நிலையும் உண்டு. மெய்நிகர் செயலகத்தின் இழைகளை ஹோஸ்டில் நிகழ்நேர வகுப்புக்கு உயர்த்தினால், அவை செயலகத்தைப் பிடித்துக்கொண்டு, அதே விருந்தினருக்காக வட்டிலும் வலையிலும் படித்தெழுதும் ஹோஸ்ட் இழைகளைப் பட்டினி போடக்கூடும். தம் உணவைச் சமைப்பவரைத் தாமே வரிசையில் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் காத்திருக்கும் விருந்தினர். 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் கணினி திரும்பத் திரும்ப மீள்தொடக்கம் செய்ததும் உறவான ஒரு காரணத்தாலேயே: உயர்ந்த பணி, தாழ்ந்த பணியின் கையிலிருந்த வளத்துக்காகக் காத்திருந்தது, இடைநிலைப் பணிகள் தாழ்ந்ததை நகரவிடவில்லை. வரிசை என்பது தனித்து நிற்பவர்களுக்கிடையே மட்டும் பொருளுள்ளது. ஒருவர் மற்றவரைச் சார்ந்திருக்கும் இடத்தில் அதன் எண்கள் பொய்க்கும்.

இவற்றைத் தமிழில் கற்பிப்பது ஏட்டளவான கேள்வியன்று. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்குத் தம் மொழியில் அரசோடு தொடர்புகொள்ளும் உரிமையைத் தந்தது. சித்தூரிலும் தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் தமிழ்வழிப் பள்ளிகள் இயங்குகின்றன. ஐடி அட் ஸ்கூல் திட்டமும், 2017இல் அதன் இடத்தில் வந்த கைட் நிறுவனமும் கேரளப் பொதுப்பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளில் நிலைநிறுத்தின. தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை முதலில் தொடும் கணினியே லினக்ஸாக இருப்பதும், நைஸ் ஆணை அதற்குள் கேட்பாரற்றுக் கிடப்பதும் இந்தியாவின் பல பகுதிகளில் வாய்க்காத வசதி. ஆணை இருக்கிறது, விளக்கும் சொல் இல்லை. பிரையாரிட்டி, வெயிட், ரிசர்வேஷன் அனைத்தையும் 'முன்னுரிமை' என்று படித்த மாணவர், விருந்தினரின் எண்ணை உயர்த்தியும் பயனில்லாதபோது கருவியில் பிழை என்றே நினைப்பார். நீர்ப்பாசனத் தமிழில் இதற்கு வேண்டிய சொற்கள் பிரிந்தே கிடக்கின்றன. முறைவைத்து நீர் விடுவதில் 'முறை' என்பது வரும் தருணம். 'பங்கு' என்பது வரும் அளவு. கடைமடைக்காரருக்கு இவ்விரண்டையும் யாரும் பிரித்துக் காட்டவேண்டியதில்லை. 'முறை' என்னும் சொல்லுக்கே தருணம், ஒழுங்கு, நீதி என்று மூன்று பொருளும் தமிழில் உண்டு என்பதையும் சேர்த்துக்கொண்டால், முறைவகுப்பி என்னும் கலைச்சொல் அட்டவணைப்படுத்தி என்பதைவிட நெருக்கமாகப் பொருந்தும்.

லினக்ஸ் கர்னலே இப்பிரிவினைக்கு அண்மையில்தான் வந்து சேர்ந்தது. சிஎப்எஸ்ஸில் பங்கை எடையால் சொல்லமுடிந்தது. 'எனக்கு மிகுதியாக வேண்டாம், கேட்கும்போது விரைவாக வேண்டும்' என்று சொல்ல வழியில்லை. ஒலியைக் கையாளும் மெய்நிகர் இயந்திரத்துக்குத் தேவை அதுவே. வேறு வழியின்றி அதன் எடையைக் கூட்டி, தேவைக்கு மேல் பங்கு கொடுத்து வந்தார்கள். 1995இல் இயன் ஸ்டோய்காவும் ஹுசைன் அப்தெல்-வகாப்பும் எழுதிய ஈஈவிடிஎப் என்னும் வழிமுறை ஏறத்தாழ முப்பதாண்டு காத்திருந்து, பீட்டர் சைல்ஸ்ட்ராவின் கையால் 2023 அக்டோபரில் 6.6 கர்னலில் இடம்பெற்றது. அதில் இரண்டு கேள்விகளும் தனித்தனியே கேட்கப்படுகின்றன. தன் பங்கைவிட மிகுதியாக ஏற்கெனவே உண்டவர் தகுதியுடையவர் அல்லர்; தகுதியுடையவர்களுள் எவருடைய கெடு முந்துகிறதோ அவர் முதலில். கெடுவை நிர்ணயிப்பது கேட்கும் துண்டின் நீளம். சிறு துண்டு கேட்பவருக்கு முறை விரைவாக வரும், பங்கு கூடாது. 6.12 கர்னல் முதல் ஒரு நிரல் தன் துண்டின் அளவைத் தானே அறிவிக்கலாம். மெய்நிகர் செயலகத்தின் இழையும் ஹோஸ்டுக்கு ஒரு நிரலிழைதான் என்பதால் அதற்கும் இது பொருந்தும்.